கிணற்றுக்குக் கிழக்கு

"ஆவணி 12, புதன். நகராட்சி அலுவலகப் பலகையில் வரைவு வரைபடம். நம் மைதானம் மஞ்சள். பச்சையாக இருந்திருக்க வேண்டும். ஆட்சேபணைக்குக் கடைசி நாள் புரட்டாசி 14, திங்கள்."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். 'மஞ்சள்' என்ற சொல் அடுத்த தாளிலும் பதிந்திருக்கிறது.

மஞ்சள் என்றால் குடியிருப்பு. பச்சை என்றால் திறந்தவெளி. பெரம்பலூருக்கான நில உபயோகத் திட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு இருந்தது. கூடவே மனைப்பிரிவுகளுக்கான விதியும் மாறப்போகிறது என்றார்கள். மனை போட்டு விற்கிறவர்கள் பூங்காவுக்கு என்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடத்தை இனி எந்தக் காரணத்துக்காகவும் வேறு உபயோகத்துக்கு மாற்ற முடியாது. அதில் கட்டடம் இருந்தால் அபராதம் கட்டியும் வரன்முறை செய்ய முடியாது. தானப் பத்திரம் காட்டப்படாத இடமெல்லாம் குடியிருப்பாகவே கருதப்படும். வரைவின் இந்தப் பகுதியைப் படித்தபோது நான் மகிழ்ந்தேன். நல்ல விதி என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.

எங்கள் நகர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முன்பு மக்காச்சோளக் காடு. நான் எறையூர் கரும்பாலையில் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றதும், என் கணவரும் நானும் இங்கே மனை வாங்கி வீடு கட்டினோம். எங்கள் பகுதியை ஒரு செவ்வகமாக நினைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் ரோடு; கிழக்கிலும் மேற்கிலும் முப்பதடி, வடக்கிலும் தெற்கிலும் இருபத்துமூன்றடி. சரியாக நடுவில் பழைய பாசனக் கிணறு. இப்போது இரும்புக் கிராதி போட்டு மூடியிருக்கிறது. கிணற்றுக்குக் கிழக்கே, வடக்கு தெற்காக வரிசையாக நான்கு வீடுகள். அதில் இரண்டாவது எங்களுடையது. கிணற்றுக்கு மேற்கே, அதே நீள அகலத்தில் வெறும் மைதானம். மனை விற்றவர்கள் அதைத்தான் பார்க் என்று கை காட்டினார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம். மரம் கிடையாது, பெஞ்சு கிடையாது.

"பார்க்குன்னு பேரு, பாக்க ஒண்ணும் கெடையாது" என்பார் என் கணவர்.

ஆனால் அந்த இடம் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. தை, மாசியில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு மக்காச்சோளம் காயப்போடுவார்கள். பிள்ளைகள் சோளத்துக்கு நடுவில் பாதை விட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். மாலையில் பெண்கள் பதினைந்து பேராவது சுற்றிச் சுற்றி நடப்பார்கள். நானும் நடப்பேன்.

பலகையைப் பார்த்துவிட்டு வந்த அன்றே நலச்சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், கிழக்கு வரிசையின் முதல் வீடு. சாலை முக்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இந்த நகரில் முதலில் குடிவந்தவர்கள் அவர்கள்தான்.

"ஆட்சேபணை எழுதிடுவோம்க்கா. எழுதறது நீங்க, கத்தறது நான்" என்றார்.

ஆதாரம் இணைக்க வேண்டும் என்று பலகையிலேயே போட்டிருந்தது. தானப் பத்திரத்தின் நகலுக்கு விண்ணப்பித்தேன். ஆவணி 20, வியாழக்கிழமை, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கைக்கு வந்தது. அங்கேயே நின்றபடி எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போட்டேன்: "தானப் பத்திர நகல் கிடைத்துவிட்டது. நம் இடம் நமக்கே." தேதி, மணி எல்லாம் சேர்த்து. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது கும்பிடு வந்திருந்தது. நான் அப்போது அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் முத்திரையையும் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் காலையில் சொத்து விவரத்தைப் படித்தேன். அதன் கடைசி வரிகள் இவை: "கிணற்றுக்குக் கிழக்கு, முப்பதடி ரோட்டுக்கு மேற்கு, இருபத்துமூன்றடி ரோட்டுக்கு வடக்கு, மேற்படி ரோட்டுக்குத் தெற்கு, இதற்குள்பட்ட காலி இடம்." முதல் வாசிப்பில் எல்லாம் சரியாகவே பட்டது. கிழக்குப் பக்கம் கிணறு. மேற்குப் பக்கம் ரோடு. அதாவது மைதானம். மனுவில் சேர்க்க அந்த வரிகளைப் பார்த்து எழுதும்போது கை நின்றது. எங்கள் கிரயப் பத்திரத்தில் 'மேற்கில்: கிணறு' என்று இருக்கும். இதில் 'கிழக்கில்: கிணறு' என்று இல்லை. 'கிணற்றுக்கு' என்று இருந்தது.

நான்கு நாள் அந்த 'க்கு'வோடு இருந்தேன். பிறகு அரியலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார். தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. கை நடுங்கும், வாய் நடுங்காது. ஆவணி 25, செவ்வாய். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. நகலை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்ந்தால் ஊரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல என்னம்மா சந்தேகம்?"

"கிணத்துக்குக் கிழக்குன்னா, கிழக்கால கிணறுன்னுதானங்க அர்த்தம்?"

"உங்க வூடு கோயிலுக்குத் தெக்கன்னு யாராச்சும் சொன்னா, தெக்கப் போயி கோயிலத் தேடுவீங்களா?"

"இல்லைங்க. கோயில்லேருந்து தெக்க வந்தா வூடு."

"அப்ப கிணத்துலேருந்து கிழக்க வாங்க. என்ன இருக்கு?"

அவர் கையில் இருந்த நகலை மறுபடி எட்டிப் பார்த்தேன்.

"பழைய பத்திரமெல்லாம் இப்படித்தாம்மா. நாலு பக்கத்துலயும் நின்னு, நடுவுல இருக்குற நெலத்தக் கை காட்டும். இப்ப கம்ப்யூட்டர்ல அடிக்கிறவங்க நெலத்துக்குள்ள நின்னுக்கிட்டு வெளிய கை காட்டுறாங்க. கிழக்கில் இது, மேற்கில் அதுன்னு. ரெண்டும் சரிதான். எவன் எங்க நிக்கிறான்னு தெரியாம படிச்சா மொத்தமும் கண்ணாடியில பாத்தாப்ல திரும்பிடும்." நகலைத் திருப்பிக் கொடுத்தார். "ஏன், யாரு வூடு இருக்குது அங்க?"

"நாலு வூடு இருக்குதுங்க."

"உங்களுது?"

"ரெண்டாவது."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், ஆறுதலுக்கு என்றே நினைக்கிறேன், இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். பத்திரம் எழுதியவர் பழைய ஆளாக இருந்து, மனைகளுக்கு எல்லைக் கல் நட்டவர்கள் தப்பாகப் படித்திருந்தால், எங்கள் வீடுகள் பூங்கா இடத்தில் நிற்கின்றன. எழுதியவரே புது ஆளாக இருந்து, பழைய நடையில் எழுதப்போய்த் தப்பு செய்திருந்தால், மைதானம்தான் பூங்கா, பத்திரம்தான் தப்பு. "அனுமதி வாங்குன மூல வரைபடத்தப் பாத்தாத்தான் தெரியும்மா. ஆனா பதிவான பத்திரம் பதிவானதுதான். அத நம்பித்தான் ஆபீஸ்ல பேசுவாங்க."

அந்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஒன்று நகராட்சிக் கோப்பில் இருந்தது. மறுநாள் போய்க் கேட்டுப் பார்த்தேன். நீலத்தாள், எட்டாக மடித்தது. மடிப்பு நேராகக் கிணற்றின் மேல் விழுந்திருந்தது. மனை எண்கள் வெளுத்துவிட்டன. வடக்கு காட்டும் அம்புக்குறி இருந்திருக்க வேண்டிய மூலை கிழிந்து போயிருந்தது. ஒரு பக்கம் கட்டம் போட்ட மனைகள், மறுபக்கம் வெறும் இடம், நடுவில் வட்டம். தாளை ஒருவிதமாக வைத்தால் எங்கள் வீடு வீடாக இருந்தது. திருப்பி வைத்தால் பூங்காவாக இருந்தது. நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை திருப்பும்போது அலுவலர், "எந்தப் பக்கமா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டிருப்பார்.

அன்று மாலை வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு கேட்டுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். பத்திரத்தைக் காட்டி, தரையில் சாக்பீஸால் கிணறு வரைந்து, விளக்கினேன். முதலில் சிரித்தார்.

"அக்கா, கணக்கு வாத்தியாரு மாதிரி கொழப்பாதீங்க. நான் வாங்குனது மனை. பட்டா எம் பேர்ல இருக்கு. வீட்டு வரி கட்டறேன்."

"எம் பேர்லயும் இருக்கு தம்பி. தானம் முன்னாடி பதிவாகியிருக்கு. நம்ம கிரயம் பின்னாடி. தேதி பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நீங்க எதுக்குக்கா அத முழுசா படிச்சீங்க?" என்றார்.

நான் தரையில் வரைந்த கிணற்றைக் காலால் அழித்தேன்.

இரவு அவர்கள் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நர்ஸ் பணியிலிருந்து வந்து உடைகூட மாற்றவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யார்ட்டயெல்லாம் சொன்னீங்க?"

"யார்ட்டயும் சொல்லல."

"அண்ணன்ட்ட?"

"சொல்லல."

"சொல்லாதீங்க."

"மறைக்கச் சொல்றியாம்மா?"

"அவரு சும்மா இருக்க மாட்டாருக்கா. மனசுல பட்டதச் சொல்லிடுவாரு" என்றாள். உண்மைதான், என் கணவர் அப்படித்தான்.

அவள் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கப்பா ஒரு பட்டாவுக்காக ஜமாபந்தி ஜமாபந்தியா மனு குடுத்தாரு. ஒவ்வொரு வருசமும் வாங்கி வச்சுக்குவாங்க. ஊருல எங்க தெருவுக்குப் பேரு காலனி. இங்க வந்துதான் எம் புள்ளைங்க அட்ரஸ்ல நகர்னு எழுதுதுங்க. நான் சங்கத் தலைவரு. மனுவுல மொதக் கையெழுத்து நான் போடணும். எங்க வூட்ட நானே எடுத்துக்குங்கன்னு எழுதிக் குடுக்கணும், இல்ல?"

பத்திரத்தை இணைக்காமல் மனு கொடுத்தால் என்ன என்று யோசித்தோம். ஆதாரம் இல்லாத மனு நிற்காது. மைதானம் மஞ்சளாகவே இருக்கும். யாராவது மனை போடுவார்கள். அதைவிட, பத்திரம் கிடைத்துவிட்டது என்று ஊருக்கே அறிவித்தவள் நான். ஏன் இணைக்கவில்லை என்று நூறு பேர் கேட்பார்கள். இணைத்தால், அதை ஒழுங்காகப் படிக்கிற ஒருவர் போதும். நான் பாராட்டிய விதியே எங்களுக்குக் கதவை அடைத்துவிடும். வரன்முறைக்குக்கூட வழி கிடையாது.

புரட்டாசி 6, ஞாயிற்றுக்கிழமை, மைதானத்திலேயே கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் மனுவைப் படித்தார். அவர் குரலில் கத்தல் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. மேற்குத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "தானப் பத்திரம் கையில இருக்குல்ல, அதச் சேத்து மூஞ்சில வைங்க. எவன் அசைக்கிறான் பாப்போம்" என்றார். கைதட்டினார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா இந்த எடம் போயிருக்கும் டீச்சர்." நான் டீச்சர் இல்லை, நோட்டும் பேனாவுமாக இருப்பதால் அப்படிக் கூப்பிடுவார்கள். அவள் பிடி விடுகிற வரைக்கும் நின்றேன்.

அந்த வாரம்தான் என் கணவர் கொத்தனாரைக் கூட்டி வந்தார். மாடியில் எனக்கு ஒரு அறை. புத்தகங்களும் நாட்குறிப்புகளும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, கரையான் பிடிக்குமுன் மேலே ஏற்றிவிடலாம் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. கொத்தனார் நூல் பிடித்து அளந்தார்.

"இப்ப வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"மழை வரப்போவுது."

"பெரம்பலூர்ல? மழையா?" என்று கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். "இவ பஞ்சாங்கத்த நம்பி நாம கட்டடம் கட்டணுமாம்."

தை பிறக்கட்டும் என்றேன். கொத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்று முழுக்க வீட்டுக்குள் நடக்கும்போது, காலடியில் இருக்கிற தரையை ஏதோ கேட்டு வாங்கி மிதிப்பது போல நடந்தேன். மேற்கு ஜன்னலைத் திறந்தால் கிணறு. கிணற்றுக்கு அப்பால் பிள்ளைகள். மூடினால் வெக்கை.

மனுவை நான்கு முறை எழுதினேன். கடைசியில் எழுதிய வாக்கியம் இது: "கிணற்றை ஒட்டி அமைந்துள்ள, தானமாக வழங்கப்பட்ட திறந்தவெளியைப் பச்சை எனத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." எந்தப் பக்கம் என்று இல்லை. கரும்பாலையில் ஒரு ஆள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் ஐந்து என்றே எழுதியவள். இப்படி ஒரு வாக்கியத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

கடைசி நாள், திங்கட்கிழமை, நானும் தலைவரும் நகராட்சிக்குப் போனோம். நீண்ட வரிசை. பலருக்குப் பல மஞ்சள், பல பச்சை. எங்கள் முறை வந்தபோது நகராட்சி எழுத்தர் மனுவைப் படித்துவிட்டுப் பெரிய பதிவேட்டைத் திறந்தார்.

"கிணத்த ஒட்டின்னா எந்தப் பக்கம்மா? இங்க எல்லைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அத நெரப்பாம மனுவ வாங்க முடியாது."

தலைவர் என்னைப் பார்த்தார். 'மேற்கு' என்று சொன்னால் பத்திரத்துக்கு மாறாகச் சொல்லுகிறேன். 'கிழக்கு' என்று சொன்னால் முடிந்தது.

"பத்திரத்துல இருக்கறபடி எழுதிக்குங்க" என்றேன்.

அவர் நகலைப் புரட்டி, விரலை வைத்து, முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். "கிணற்றுக்குக் கிழக்கு... ரோட்டுக்கு மேற்கு..." பிறகு நிமிர்ந்து, "அதாவது கிழக்கால கிணறு, மேக்கால ரோடு. அந்தக் காலி எடம்தான? நான் அந்தப் பக்கமாத்தான் தெனம் போறேன். புள்ளைங்க வெளையாடுமே" என்றார். வரைவு வரைபடத்தின் நகலை இழுத்து, கிணற்றுக்கு மேற்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

நான் செய்த அதே தப்பு. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. அரியலூரில் கேட்ட அதே சொற்கள், கோயிலும் வீடும். தலைவரின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. வெல்டிங் பொறி தெறித்த பழைய தழும்புகள். எழுத்தர் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரிதான?" என்றார்.

"சரிங்க" என்றேன்.

முத்திரை விழுந்தது. ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். வெளியே வந்ததும் தலைவர், "டீ சாப்பிடலாம்க்கா" என்றார். இரண்டு பேரும் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பஸ்ஸில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

அதன் பிறகு அவர் மைதானத்தில் புங்கங்கன்றுகள் வைத்தார். பட்டறையிலிருந்து வந்ததும் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றுவார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"மேலேருந்து படம் புடிக்கிறாங்களாம்க்கா. பச்சையாத் தெரியட்டும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிக் கன்று பிழைத்திருக்கிறது.

இறுதி வரைபடம் இன்னும் வெளியாகவில்லை. எழுத்தரின் பென்சில் வட்டம் நின்றால் மைதானம் பிழைக்கும், நாங்களும் இருப்போம். அவருக்கு மேலே இருக்கிற யாராவது பத்திரத்தைப் பழைய முறைப்படி படித்தால் நான்கு வீடுகளும் பொது இடம். வீட்டை விற்க முடியாது. விற்றால் வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் விற்க வேண்டும். மூன்றாவது, நான்காவது வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்களில் ஒருவர் போன மாதம் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டார். கால் ஊன்றிய இடத்தைக் காட்டி, உறுதியா இருக்கா டீச்சர் என்று கேட்டார். என் கணவர் தை பிறந்ததும் மறுபடி கொத்தனாரைக் கூட்டி வந்தார். இன்னொரு காரணம் சொன்னேன். அவர் இப்போது மாடியைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைக்கிறார். மாலையில் நடக்கிற பெண்கள் என்னைப் பார்த்தால் இன்னும் நன்றி சொல்கிறார்கள். நான் நடக்கப் போவதைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன்.

மனைப்பிரிவின் மூல வரைபடம் நகரமைப்புத் திட்ட அலுவலகத்தில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் நகல் வரும். விண்ணப்பத்தை எழுதியும் வைத்திருக்கிறேன். கேட்பவர் பெயரும், கேட்ட காரணமான இடமும் கோப்பில் ஏறும். யாரோ ஒருவர் அந்தத் தாளை எடுத்து விரித்துப் பார்ப்பார். ஆகவே அனுப்பவில்லை.

அந்த வரைபடத்தில் பூங்காவுக்கான இடம் கிணற்றுக்குக் கிழக்கே காட்டப்பட்டிருக்கிறதா, மேற்கே காட்டப்பட்டிருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.